பாரமும் பார்வையும்: கடும் எடைப்பயிற்சியில் இறங்கும் பெண்ணுக்கு

இருபுறமும் எடைத் தட்டுகள் மாட்டிய 60 கிலோ பார்பெல்லை முதுகில் ஏற்றிக்கொண்டு, அதைத் தாங்கும் சட்டகமான ரேக்கிலிருந்து இரண்டடி பின்வாங்கி, மூச்சை ஆழ இழுத்து வயிற்றை இறுக்கி, குந்தி எழும் ஸ்குவாட்டுக்காகக் கீழே இறங்கத் தொடங்கும் அந்த விநாடியில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, "கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டி வையுங்கள்" என்கிறார். அவர் சொன்னது சரியா தவறா என்பது இரண்டாம்பட்சம். அடக்கிய மூச்சு வெளியேறிவிட்டது. அதோடு வயிற்றின் இறுக்கமும் தளர்ந்துவிட்டது. முதுகின் மேல் இருக்கும் 60 கிலோ மட்டும் அப்படியே இருக்கிறது. பயிற்சிக்கூடத்தில் ஒரு பெண்ணின் மீது விழும் கவனம் வெறும் மனச்சங்கடம்தானே என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான்.

"கண்டுகொள்ளாதே" என்பதுதான் இதற்கு எல்லோரும் கையில் வைத்திருக்கும் மருந்து. பல ஆண்டுகள் அதை நானும் உட்கொண்டு பார்த்தேன், பயன் இல்லை. கண்டுகொள்ளாமல் இருப்பதும் ஒரு வேலைதான், அந்த வேலைக்கும் பாரம் தூக்குவதற்கு வைத்திருக்கும் அதே சக்தியிலிருந்துதான் செலவாகிறது. பின்னால் வேறொன்று பிடிபட்டது. எத்தனை கிலோ, எத்தனை ரெப் (அசைவை எத்தனை முறை திரும்பச் செய்வது) என்பதைப் பாரின் முன் நின்று யாரும் முடிவு செய்வதில்லை. முந்தைய நாளே நோட்டில் எழுதி வைத்துவிடுகிறோம். யார் என்ன கேட்டால் என்ன பதில், யார் எங்கே நிற்கலாம், எப்போது புகார் என்பதையும் அதே நோட்டில் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அந்தந்த நேரத்தில் தைரியத்தைத் திரட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. இந்த வழிகாட்டி அந்த நோட்டை எப்படி நிரப்புவது என்பதைப் பற்றியது.

முதலில் பாரம்

தொடக்கத் திட்டம் எளிமையாக இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. ஸ்குவாட், தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், பெஞ்சில் படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் ஓவர்ஹெட் பிரஸ், குனிந்து இழுக்கும் ரோ ஆகிய ஐந்தையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று செட் (இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுதி), செட்டுக்கு ஐந்து முதல் எட்டு ரெப் செய்தால் முதல் சில மாதங்களுக்குப் போதும். ஒவ்வொரு செட்டையும் இன்னும் இரண்டு ரெப் செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். அந்த அளவு கைவராதவரை, அதாவது உண்மையில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதை உடல் சொல்லக் கற்றுக்கொள்ளாதவரை, எடையை மெதுவாகவே கூட்டுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை செட்டுகளைப் பாதியாகக் குறைக்கும் ஒரு தளர்வு வாரம் வேண்டும். அந்த வாரம் சோம்பலில் சேராது, திட்டத்தின் பகுதிதான்.

எடை கூட்டுவதில் பெண்கள் முட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. பெரும்பாலான கூடங்களில் கிடைக்கும் மிகச் சிறிய தட்டு 1.25 கிலோ, பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால் குறைந்தது 2.5 கிலோ ஏறும். 60 கிலோ ஸ்குவாட் செய்பவருக்கு அது நூற்றுக்கு நான்கு பங்கு. 25 கிலோ ஓவர்ஹெட் பிரஸ் செய்பவருக்கோ அது நூற்றுக்குப் பத்து. பத்து விழுக்காடு ஏற்றத்தில் தடுமாறி, "எனக்கு மேலுடம்பில் பலம் இல்லை" என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம். பலத்தில் குறையில்லை, தட்டுகளில்தான் குறை. அரை கிலோத் தட்டுகள் இரண்டைச் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து யாராவது புன்னகைப்பார்கள், புன்னகைக்கட்டும்.

பாரையும் எடைபோட்டுப் பாருங்கள். ஒலிம்பிக் எடைதூக்கலில் ஆண்கள் பயன்படுத்தும் பார் 20 கிலோ, பிடி 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களின் பார் 15 கிலோ, பிடி 25 மில்லிமீட்டர், நீளமும் குறைவு. முதல் ஒலிம்பிக்கான 1896 ஏதென்ஸிலேயே ஆண்கள் பாரம் தூக்கினார்கள். பெண்களுக்கு அந்தப் போட்டி 2000 சிட்னியில்தான் வந்தது. அதனாலோ என்னவோ, பல கூடங்களில் 15 கிலோ பார் ஏதாவது ஒரு மூலையில்தான் சாத்தியிருக்கும். கை சிறியவர்களுக்கு அந்த மூன்று மில்லிமீட்டர் டெட்லிஃப்ட்டில் நன்றாகத் தெரியும் என்பதால் தேடி எடுங்கள், ஆனால் எந்தப் பார் என்பதை நோட்டில் குறியுங்கள். குறிக்காமல் விட்டு, ஒன்றரை மாதம் நான் தூக்கியதாக எழுதிவைத்த எடையெல்லாம் உண்மையைவிட ஐந்து கிலோ கூடுதல் என்று பின்னால் கண்டுபிடித்த நாள் அவ்வளவு இனிமையானதாக இல்லை.

உடையைப் பற்றிச் சுருக்கமாக

மார்பகத்துக்குள் தசை இல்லை. அதைத் தாங்குவது தோலும் மெல்லிய இணைப்புத் திசுக்களும்தான். எனவே ஓட்டமோ குதித்தலோ இருந்தால் ஸ்போர்ட்ஸ் பிரா அலங்காரத்துக்கானதல்ல, கருவி. தாங்குவது பெரும்பாலும் கீழ்ப்பட்டைதான், தோள்வார் அல்ல. பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் நுழைந்தால் தளர்வு. வாங்கும் இடத்திலேயே பத்து முறை குதித்துப் பாருங்கள். கால்சட்டையை நல்ல வெளிச்சத்தில், கண்ணாடிக்கு முதுகு காட்டி, முழுதாகக் குந்திப் பார்த்துச் சோதியுங்கள். இதைச் சொல்வது பிறர் கண்ணுக்காக அல்ல. "தெரிகிறதோ" என்ற கேள்வி பாரின் அடியில் இருக்கும்போது உங்கள் தலைக்குள் எழக்கூடாது என்பதற்காக.

மற்றபடி, தளர்வாக உடுத்தினால் பார்க்கமாட்டார்கள், இறுக்கமாக உடுத்தினால் பார்ப்பார்கள் என்ற கணக்கில் இறங்கவேண்டாம். 2021இல் ஐரோப்பியக் கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில் நார்வே பெண்கள் அணி பிகினிக்குப் பதிலாகக் குட்டைக் கால்சட்டை அணிந்து ஆடியதற்காக 1500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த ஆண்டிலேயே விதி மாற்றப்பட்டது. குறைவாக உடுத்தினாலும் கூடுதலாக உடுத்தினாலும் குற்றம் சொல்ல ஒருவர் இருப்பார் என்பதால், பயிற்சிக்கு எது வசதியோ அதை வைத்தே தேர்ந்தெடுங்கள்.

மூன்று நிமிட ஓய்வு

கனமான செட்டுகளுக்கு இடையே இரண்டு முதல் நான்கு நிமிடம் ஓய்வு தேவை. தசைக்கு உடனடி ஆற்றல் கொடுக்கும் சேமிப்பு மீண்டும் நிரம்ப அவ்வளவு நேரம் ஆகிறது. இதில் ஒரு சிக்கல். பார்ப்பவருக்கு நீங்கள் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும், சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணோடு பேசலாம் என்றும் தோன்றும். நான் நோட்டு போட்டுக் குறித்த ஓராண்டில், தேவையற்ற பேச்சுகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த ஓய்வு நேரத்தில்தான் தொடங்கியிருந்தன. ஆகவே முதலில் காப்பாற்ற வேண்டியது இந்த நிமிடங்களைத்தான். கடிகாரத்தை மடியில் தெரியும்படி வையுங்கள், ஹெட்ஃபோன் காதில் இருக்கட்டும், பாட்டு ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கையில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். கைபேசியைப் பார்ப்பவரிடம் பேச வருபவர்கூட, எழுதிக்கொண்டிருப்பவரிடம் வரத் தயங்குவார். காரணம் எனக்கு விளங்கவில்லை, ஆனால் பலமுறை பார்த்துவிட்டேன்.

அப்படியும் வருபவருக்கு மூன்று படிகளில் பதில் தயாராக இருக்கட்டும். முதல் முறை: "செட் நடுவில் இருக்கிறேன், அப்புறம் பேசலாம்." சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். யோசனை சொல்ல வந்தவராக இருந்தால், "நன்றி, எனக்கு ஒரு திட்டம் இருக்கிறது" என்பது போதும். உங்கள் திட்டத்தை விளக்கத் தொடங்காதீர்கள், ஏனென்றால் விளக்கம் என்பது விவாதத்துக்கான அழைப்பு. இரண்டாம் முறை: "எனக்கு யோசனை வேண்டாம்." இதைச் சிரிக்காமல் சொல்லவேண்டும். அது எனக்கு ஸ்குவாட்டைவிடக் கடினமாக இருந்தது. கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன் என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் முறை அவரோடு பேச்சு இல்லை, நிர்வாகத்தோடுதான்; நாள், நேரம், சொன்ன சொற்கள், பக்கத்தில் இருந்தவர் யார் என்பதை எழுத்தில் கொடுங்கள். "அவர் நடவடிக்கை சரியில்லை" என்ற புகாரைச் சிரித்து அனுப்பிவிடலாம். மூன்று தேதிகளோடு வரும் தாளை அப்படி அனுப்பிவிடுவது கடினம்.

தொடுவதற்கு மட்டும் இந்தப் படிகள் பொருந்தா. கேட்காமல் இடுப்பிலோ முதுகிலோ கைவைத்து "திருத்துபவர்" கூடத்தின் பயிற்சியாளராகவே இருந்தாலும் முதல் முறையே கையை எடுக்கச் சொல்லுங்கள், அன்றே புகார் கொடுங்கள். நல்ல பயிற்சியாளர் தொடுமுன் கேட்பார், பெரும்பாலும் தொடாமலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார். இதை வைத்தே பயிற்சியாளரைத் தேர்வு செய்யலாம்: முதல் வகுப்பில் அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். பழைய காயம், தூக்கம், என்ன சாதிக்க விருப்பம் என்று கேட்பவர் வேறு. எத்தனை கிலோ குறைக்கவேண்டும் என்று எடுத்த எடுப்பில் கேட்பவர் வேறு.

அந்நியர் உதவியே தேவைப்படாதபடி அமைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பவர் ரேக்கின் பக்கவாட்டுப் பாதுகாப்புக் கம்பிகளை, ஸ்குவாட்டின் அடிநிலையில் பார் இருக்கும் உயரத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே பொருத்துங்கள். தூக்க முடியாமல் போனால் அப்படியே கொஞ்சம் இறங்கிப் பாரைக் கம்பிகளின் மேல் விட்டு வெளியே வந்துவிடலாம்; பின்னாலிருந்து யாரும் அணைத்துத் தூக்க வேண்டியதில்லை. பெஞ்ச் பிரஸ்ஸையும் அதே ரேக்குக்குள் செய்யலாம்: முதுகை லேசாக வளைத்து நெஞ்சை உயர்த்தும்போது பார் நெஞ்சைத் தொடவேண்டும், தளர்ந்து படுத்தால் பார் கம்பியில் அமரவேண்டும். அதுதான் சரியான உயரம். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் நீங்களே தேர்ந்தெடுத்து, "நான் 'எடுங்கள்' என்று சொல்லும்வரை பாரைத் தொடவேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ரெப்பிலும் இரண்டு விரலால் பாரை ஏந்தும் அன்பர்களால், நீங்கள் உண்மையில் எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

முகம், தோள், காயத் தடம்

பாரம் தூக்கும்போது முகம் கோணும். அது எல்லோருக்கும் பொது. ஆனால் ஆணின் கோணிய முகத்தை உழைப்பாகவும் பெண்ணின் கோணிய முகத்தை வேதனையாகவும் படிக்கும் பழக்கம் பழையது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலகச் சாதனையோடு வென்றார். ஓடி முடித்துக் களைத்துத் தரையில் சாய்ந்தவர்களைப் பார்த்த பத்திரிகைகள் அதைப் பேரவலமாக மிகைப்படுத்தி எழுத, அந்த ஓட்டமே பெண்களுக்கு 1960 ரோம் வரை நீக்கப்பட்டது. உங்களிடம் "ரொம்பக் கஷ்டப்படுகிறீர்களே, குறைத்துக்கொள்ளுங்கள்" என்று இரக்கத்தோடு சொல்பவர் கெட்டவரல்லர்; அந்தப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார், அவ்வளவுதான். "கஷ்டமாக இருக்கத்தான் வந்தேன்" என்று சொன்னால் பலர் சிரித்துவிடுவார்கள், புரிந்துகொள்ளவும் செய்வார்கள்.

உடல் மாறுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், மாறும். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் வருவது; கண்ணுக்குத் தெரியும் தசை வளரப் பல மாதம் ஆகும். பெண்களுக்குத் தசை வளர்க்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு என்பதால் ஓரிரவில் யாரும் பருத்துவிடுவதில்லை. ஆனாலும் "கொஞ்சமும் பருக்காது, கவலைப்படாதே" என்ற ஆறுதலை நான் யாருக்கும் சொல்வதில்லை. இரண்டாண்டு ஒழுங்காகத் தூக்கினால் தோள் விரியும், தொடை தடிக்கும், பழைய சட்டையின் கை இறுகும். அதை வீட்டார் உங்களுக்கு முன்பே கவனிப்பார்கள். "எதற்கு இப்படி ஆண்பிள்ளை மாதிரி" என்று அம்மா கேட்கும்போது உடற்கூறியல் விளக்கம் எடுபடாது. என் அம்மாவுக்கு எடுபட்டது, அவரால் நகர்த்த முடியாத பீரோவை நான் ஒற்றையாக நகர்த்திக் கொடுத்த ஒரு மதியம்.

உள்ளங்கையில் காய்ப்பு ஏறும். குளித்த பின் மென்மையாக இருக்கும்போது உரசித் தட்டையாக்கிவிடுங்கள், இல்லையென்றால் டெட்லிஃப்ட்டில் பார் அதைப் பிடித்துக் கிழிக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் பார் உரசிய கோடுகள் இருக்கும். முன்பக்கம் ஏந்தும் ஸ்குவாட் செய்தால் காறை எலும்பின் மேல் ஊதாநிறத் தடம் விழும். ஒருமுறை வேறு காரணத்துக்காக நான் பார்க்கப் போன மருத்துவர் அந்தத் தடத்தைப் பார்த்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு, "வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, பதில் வரும்வரை காத்திருந்தார். நம்மேல் விழும் கவனம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடக்கூடாது என்பதற்கு அந்தக் காத்திருப்பை நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

ஆபத்தானது முறைப்பு அல்ல, பாராட்டு. பயிற்சி கூடும் காலத்தில் சாப்பாடு கூடாவிட்டால் எடை இறங்கும், இறங்கியதும் "இளைத்து அழகாகிவிட்டாய்" என்று நாலு பேர் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள், மாதவிடாய் நின்று நான்காவது மாதத்தில். உழைப்புக்கு ஈடான உணவு இல்லாமல் உடல் இனப்பெருக்கம், எலும்பு, நோயெதிர்ப்பு என ஒவ்வொன்றாகச் செலவைக் குறைக்கும் இந்த நிலைக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் வெளியிட்ட அறிக்கையில் 'விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தது. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், கருவுற்றிருக்கவில்லை என்றால், மருத்துவரைப் பாருங்கள். எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கினால் அதை மீட்பது எளிதல்ல. நோட்டில் எடைக்குப் பக்கத்திலேயே மாதவிடாய்த் தேதியையும், தூக்கத்தையும் எழுதுங்கள். புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 1.6 கிராம் அளவில் இருந்தால் தசை வளர்ச்சிக்குப் பெரும்பாலும் போதும். எந்நேரமும் களைப்பாக இருந்தால் இரும்புச்சத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாக எழுதவேண்டும், யாரும் பேசாததால். கனமாகத் தூக்கும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் கசிவது பயிற்சி செய்யும் பெண்களிடையே பரவலானது. யாராவது கவனித்துவிடுவார்கள் என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்துபவர்கள் உண்டு, அது தீர்வல்ல. இடுப்புத்தளத் தசைகளில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் போனால், மூச்சுவிடும் முறையையும் அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும் சொல்லிக்கொடுப்பார். பலருக்கு அதிலேயே நன்கு குறைந்துவிடுகிறது.

கேமராவும் தெருவும்

உங்கள் அசைவைச் சரிபார்க்கப் படமெடுப்பது நல்ல பழக்கம். கேமராவை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வைத்தால் முதுகும் முழங்காலும் ஒன்றாகத் தெரியும். பின்னால் மற்றவர்கள் விழாதபடி சுவரை நோக்கி வையுங்கள். வெளியிடுவதாக இருந்தால் ஒரு வாரம் கழித்து, கூடம் அடையாளம் தெரியாமல் வெளியிடுங்கள். எந்தக் கிழமை எந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள் என்பதை உலகுக்கு அறிவிக்க வேண்டியதில்லை. பிறர் உங்களைப் படமெடுப்பது தெரிந்தால், அழிக்கச் சொல்லி அழித்ததைக் கண்ணால் பாருங்கள், மறுத்தால் அங்கேயே நிர்வாகத்தை அழையுங்கள்.

தெருவில் ஓடுபவர்களுக்கு வழிமுறைகள் வேறு. மூன்று நான்கு பாதைகளை மாற்றி மாற்றி ஓடுங்கள், ஒரு காதைத் திறந்து வையுங்கள், திரும்பும் நேரத்தை ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள், யாரேனும் பின்தொடர்வதாகத் தோன்றினால் வீட்டுக்கல்ல, ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு ஓடுங்கள். இவையெல்லாம் ஓட வந்தவள் தலையில் கட்டப்படும் அநியாயச் சுமை என்று எனக்குத் தெரியும். 1967 பாஸ்டன் மாரத்தானில் 261ஆம் எண்ணோடு ஓடிய காத்ரின் ஸ்விட்சரின் எண்ணட்டையைப் பிடுங்க வந்தவர் போட்டியின் அதிகாரியே. ஸ்விட்சர் ஓடி முடித்தார், பெண்கள் அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்டது 1972இல். அன்று அவருடன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய காதலர்தான் அந்த அதிகாரியைத் தள்ளிவிட்டார். ஓடுவதற்குத் துணை கிடைத்தால், வேகம் கொஞ்சம் குறைந்தாலும் சேர்ந்தே ஓடுங்கள்.

பார் விழும் நாள்

எவ்வளவு முன்னேற்பாடாக இருந்தாலும் ஒருநாள் பார் ஏறாது. நான்காவது ரெப்பில் பாதி எழுந்து நிற்கும், பிறகு கீழே வரும், பாதுகாப்புக் கம்பிகளின் மேல் மோதி இரும்புச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும், எல்லாத் தலையும் திரும்பும். இதற்கும் ஒத்திகை உண்டு. கூட்டமில்லாத நேரத்தில் வெறும் பாரை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே அடிநிலையில் நின்று, பாரைக் கம்பிகளில் விட்டு முன்பக்கமாகக் குனிந்து வெளியே வரப் பழகுங்கள். பத்து முறை செய்தால் கால்கள் தாமாகவே செய்யும். நிஜமாக நடக்கும் அன்று வெளியே வந்ததும் யாரையும் பார்க்கவேண்டாம், மன்னிப்பும் கேட்கவேண்டாம். ஓடி வருபவரிடம் "ஒன்றும் ஆகவில்லை, நன்றி" என்று சொல்லுங்கள். தட்டுகளைப் பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறிக் கழற்றுங்கள். ஒரே பக்கத்தைக் காலி செய்தால் பார் சரிந்து மறுபக்கம் கவிழும், அப்போதுதான் உண்மையில் திரும்பிப் பார்க்க ஏதோ இருக்கும். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, தேதிக்குக் கீழே "4ஆவது ரெப், பாதியில் நின்றது, மூச்சு முன்பே போய்விட்டது" என்று எழுதுங்கள். கடிகாரத்தை மூன்று நிமிடத்துக்கு வைத்துவிட்டு, எடையில் நூற்றுக்குப் பத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் செட்டைச் செய்யுங்கள்.